பத்து, பதினைந்து, ஐந்து
(மலைத்தோட்டப் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கணக்கு)



வியாபாரிகளாகிய நமக்குக் கணக்கென்றால் அலுப்புத் தட்டாது. ஆகவே நம் கேமரன் மலைப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதும் இந்தப் பாடத்தையும் ஒரு கணக்காகவே எழுதுகிறேன். தொடக்கப்பள்ளியோடும் மத்ரஸாவோடும் நின்ற கடைக்காரன் கல்வியைப் பற்றி எழுதலாமா என்று கேட்போர் உண்டு. கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெருவில் போகிற பிள்ளைகள் அனைவரையும் தெரியும். எந்தப் பிள்ளை எந்த ஆண்டில் பள்ளிப் பையை இறக்கி வைத்தான் என்பதும் தெரியும். அந்த அளவில் எழுதுகிறேன்.

பத்து என்ற எண்

தேயிலைத் தோட்டத்தில் தமிழ்ப் பள்ளி எப்படி வந்தது என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம். பகாங் உள்ளிட்ட அன்றைய ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டில் தொழிலாளர் சட்டக்கோவை ஒன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு தோட்டத்தில் ஒரே இனத்தைச் சேர்ந்த, 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால், தோட்ட நிர்வாகம் தன் செலவில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று அச்சட்டம் சொல்லிற்று. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் கண்டு எழுதிய இம்மலையில், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் வேறு தோட்டங்களும் எழுந்தன. கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் லயங்களில் குடியேறின. அக்குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, மிளகாய், துணிமணி விற்க நம்மவர்களும் மலையேறினார்கள்.

தோட்டப் பள்ளி என்றால் பழைய நாளில் ஒரு கொட்டகை, ஒரே உபாத்தியாயர், பல வகுப்பு. சில இடங்களில் கணக்கப்பிள்ளையோ கங்காணியோகூடப் பாடம் சொல்வதுண்டு. பெரியதொரு கல்வியை எண்ணிப் போட்ட சட்டமன்று அது. தாய் தகப்பன் மலைக்குப் போனபின் பிள்ளை ஓரிடத்தில் இருக்கட்டும் என்பதே பல துரைமார்களின் கருத்து. ஆயினும் அந்தப் பத்து என்ற எண்தான் தமிழெழுத்தை இந்த நாட்டின் காட்டு மூலைகளுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்ததாகச் சொல்வார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், மக்கள் பட்டணம் நோக்கிப் பெயர்ந்தும் போனதால் இன்று ஐந்நூற்றுச் சொச்சம் பள்ளிகளே உள்ளன. நம் மலையிலும் தோட்டத்தில் கொழுந்து பறிப்போரில் வங்காளதேசம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களே இப்போது மிகுதி. தமிழ்க் குடும்பங்கள் பல காய்கறித் தோட்டத்திற்கும், தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் ஊர்களுக்கும் இறங்கிவிட்டன.

ஆறாம் ஆண்டுக்குப் பின்

தமிழ்ப் பள்ளி என்பது ஆறாண்டுகளோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். தானா ராத்தாவில் சுல்தான் அகமட் ஷா இடைநிலைப்பள்ளி, ரிங்லெட்டில் ஒன்று, கம்போங் ராஜாவில் ஒன்று என்று நம் மலையில் இருப்பவற்றை நீங்கள் அறிவீர்கள். அங்கே பயிற்றுமொழி மலாய். தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வருவோரில் மலாய்மொழித் தேர்ச்சி போதாதவர்களுக்கென்று புகுமுக வகுப்பு என்ற ஓராண்டு வகுப்பும் ஏற்பட்டது. படிவம் ஒன்றுக்கு முன்னால் அது ஒரு படி. அந்தப் படியில் கால் வைத்தவன் மேலே ஏறவும் கூடும், ஒரு வயது பின்தங்கிவிட்டோமே என்று வெட்கப்பட்டு இறங்கிவிடவும் கூடும்.

அப்பிள்ளையின் ஒரு வாரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பனி விலகுமுன் எழுந்து, தோட்டத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் வண்டியேறி, ஏழரை மணி வாக்கில் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் சபை கூடும். நாட்டுப் பண்ணும் மாநிலப் பண்ணும் பாடி, 1970இல் பிரகடனப்படுத்தப்பட்ட ருக்குன் நெகாரா உறுதிமொழியைச் சொல்வார்கள். பின்னர் வகுப்பு. மலாய், ஆங்கிலம், கணக்கு, விஞ்ஞானம், சரித்திரம், பூகோளம், கைத்தொழில் நுட்பம், தேகப்பயிற்சி, ஓவியம் அல்லது இசை ஆகியவை கீழ்ப்படிவங்களின் பாடங்கள். முஸ்லிம் மாணாக்கருக்கு இஸ்லாமியக் கல்வி. அதே வேளையில் மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. வாரத்தில் ஒரு பிற்பகல் சாரணர், செம்பிறைச் சங்கம், விளையாட்டு முதலிய புறப்பாடங்களுக்குப் போகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவை முன்னிட்டுப் பள்ளி நேரத்தோடு விட்டுவிடும். பகாங்கில் சனியும் ஞாயிறும் விடுமுறை.

அந்தச் சனி ஞாயிறுதான் நம் மலையில் வியாபாரம் கொழிக்கும் நாள். கீழ்நாட்டார் வண்டி வண்டியாக ஏறி வருகிறார்கள். அப்பொழுது கடைக்காரன் மகன் கல்லாவிலும், தோட்டத்தான் மகன் ஸ்ட்ராபெர்ரிக் கடையிலும் நிற்கிறான். நீண்ட பள்ளி விடுமுறையிலும் இதே கதி. ஊரார் பிள்ளைகளுக்கு ஓய்வும் படிப்புமாக இருக்கும் நாட்கள் மலைப்பிள்ளைகளுக்கு வேலை நாட்களாகி விடுகின்றன. இதனை நாம் மனத்தில் வைக்க வேண்டும்.

கணக்குத் தெரியும், கேள்வி விளங்கவில்லை

தமிழ்ப் பள்ளியில் கணக்கையும் விஞ்ஞானத்தையும் தமிழில் படித்த பிள்ளை, படிவம் ஒன்றில் உட்கார்ந்ததும் திகைக்கிறான். அவனுக்குப் பின்னம் தெரியும். ‘பெச்சாஹான்’ என்று ஆசிரியர் சொன்னால் அது பின்னமென்று தெரியாது. பரப்பளவு காண்பான், ‘லுவாஸ்’ என்றால் விழிப்பான். “அத்தா, கணக்குத் தெரியுது, கேள்விதான் விளங்கல” என்று வீட்டில் வந்து சொல்வான். இதைக் கேட்ட தகப்பன், பையனுக்கு மூளை போதவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறான். மூளையில் குறையில்லை, சரக்கு உள்ளே இருக்கிறது, மேலே ஒட்டிய சீட்டுத்தான் வேறு மொழியில் இருக்கிறது.

இதற்கு மருந்து பேரேட்டில் இருக்கிறது. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று நாம் எழுதுவதைப் போல, பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் மலாயும் எழுதட்டும். கூட்டல் என்பதற்கு எதிரே தம்பா, கழித்தலுக்குத் தோலாக், பெருக்கலுக்கு டாராப், வகுத்தலுக்கு பஹாகி, லாபத்திற்கு உந்தோங், நஷ்டத்திற்கு ரூகி. நாளொன்றுக்கு ஐந்து சொல் போதும். வாரத்தில் பள்ளி நாள் ஐந்தென்றால் 25 சொல். நாற்பது வாரத்தில் ஆயிரம் சொல். ஆயிரம் சொல் தெரிந்த பிள்ளை பாடப் புத்தகத்தைத் திறக்க அஞ்சமாட்டான்.

மேலும், மலாய்மொழி நமக்கு முற்றும் அந்நியமன்று என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் கடை அங்கே கெடாய், நாம் போடும் முதல் அங்கே மோடால், பெட்டி பெத்தி, கட்டில் காத்தில், கப்பல் காப்பால். தமிழ் வணிகர்கள் கடல் கடந்து வந்து சரக்கோடு சொற்களையும் இறக்கிப் போனதற்கு இவையே சாட்சி. நாம் பேரேட்டில் எழுதுகின்ற பாக்கிகூட மலாயிலும் பாக்கிதான். அதன் வேர் அரபியில் இருக்கிறது.

குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு வசதியும் உண்டு. இஸ்லாமியக் கல்விப் பாடத்தில் ஜாவி எழுத்து வரும். அது அரபி எழுத்தே. மலாய் ஓசைகளுக்காக ச, ங, ப, க, ஞ, வ என்ற ஆறு ஒலிகளுக்குத் தனியெழுத்துக்களைச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நம் முன்னோரும் இதையே செய்தார்கள். தமிழோசைக்கு வேண்டிய எழுத்துக்களை அரபியோடு கூட்டி அறபுத்தமிழ் என்று எழுதி, மார்க்கச் சட்டங்களையும் பாடல்களையும் அதில் படித்தார்கள். பள்ளிக்கூடம் பாராத நம் பாட்டிமார் பலர் அந்த எழுத்தில் படித்தவர்களே. ஆகவே ஜாவி படிக்கும் பிள்ளை தன் பாட்டியின் வழியில்தான் நடக்கிறான்.

பூகோளப் பாடமும் நம் மலையில் கண்முன்னே கிடக்கிறது. மண்ணரிப்புக்கு மலாயில் ஹாகிசான் என்று பெயர். புத்தகத்தில் படிப்பானேன்? ரிங்லெட்டில் 1963இல் முடிந்த சுல்தான் அபூபக்கர் அணையின் ஏரியைக் காட்டுங்கள். மேலே காட்டையழித்துச் சரிவை வெட்டினால், மழை அந்த மண்ணை வாரிக்கொண்டு வந்து ஏரியை எப்படித் தூர்க்கிறது என்பதைப் பிள்ளை வண்டியிலிருந்தே பார்த்து அறிந்துகொள்வான். தேயிலைச் செடி நெருங்கி நிற்கும் சரிவில் மண் ஏன் அவ்வளவு ஓடுவதில்லை என்று அவனையே கேளுங்கள். விடையை அவனே சொல்லுவான்.

ஐந்தும் பதினைந்தும்

இனிச் சொல்லப் போவதே இப்பாடத்தின் சாரம், கவனிக்கக் கோருகிறேன்.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன. அச்சட்டத்தின் 50ஆம் பிரிவு, ஒரு கல்விக்கூடத்தில் முஸ்லிம் மாணாக்கர் 5 பேரோ அதற்கு மேலோ இருந்தால், மாநில அதிகாரத்தின் அங்கீகாரம் பெற்ற ஆசிரியரைக் கொண்டு வாரம் இரண்டு மணி நேரத்திற்குக் குறையாமல் இஸ்லாமியப் போதனை அளிக்கப்பட வேண்டும் என்று விதிக்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு 15 பேர் வேண்டியிருந்தது. 1996இல் 5 ஆகக் குறைத்தார்கள். பள்ளி எந்த மொழிப் பள்ளி என்று இப்பிரிவு கேட்பதில்லை. தமிழ்ப் பள்ளியிலும் ஐந்து முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்தால் உஸ்தாத் வரவேண்டியதுதான்.

இரண்டாவது எண் 15. தேசியப் பள்ளியிலும் தேசிய இடைநிலைப்பள்ளியிலும், அப்பள்ளியிலுள்ள 15 மாணாக்கரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். சீனமொழிக்கும் இதே விதி. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையிலிருந்தே இந்தப் பதினைந்து இருந்து வருகிறது.

இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தை வியாபாரி உடனே கண்டுகொள்வான். ஐந்து என்பது கேளாமலே தரவேண்டிய பாக்கி. பதினைந்து என்பது கேட்டால்தான் வரும் பாக்கி. முன்னதற்குப் பிள்ளைகளின் தொகை இருந்தாலே போதும். பின்னதற்குப் பெற்றோரின் கோரிக்கை வேண்டும். கேட்காதவனுக்குத் தமிழ் வகுப்பு இல்லை. இல்லையே என்று பின்னால் வருந்துவதற்கும் இடமில்லை.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஒரே வகுப்பில் பதினைந்து பேர் என்று சட்டம் சொல்லவில்லை. பள்ளி முழுவதிலும் பதினைந்து பேர் என்பதே கணக்கு. படிவம் ஒன்றில் நால்வர், இரண்டில் ஐவர், மூன்றில் மூவர், நான்கில் மூவர் என்றாலும் பதினைந்து வந்துவிடும். இரண்டு, கேட்கிற பெற்றோர் இன்ன மதத்தார், இன்ன இனத்தார் என்று சட்டம் பிரிக்கவில்லை. நம் பிள்ளையின் பெயர் அகமது என்றோ பாத்திமா என்றோ இருப்பதனால் அந்தப் பதினைந்தில் ஒன்றாகாமல் போய்விடாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் மலை போன்ற சிறிய இடத்தில் பதினைந்துக்கு ஒன்றிரண்டு குறைவதே வழக்கமாக நேரக்கூடியது. பதின்மூன்று தோட்டப் பிள்ளைகள் தமிழ் படிக்க ஆசைப்பட்டு நிற்க, அதே பள்ளியில் நம்மவர் பிள்ளைகள் இருவர், வீட்டில் தமிழே பேசிக்கொண்டு, தமிழ் நமக்கெதற்கு என்று ஒதுங்கினால், பதினைவருக்கும் நஷ்டம். அவ்விருவர் கையொப்பத்தில் பதின்மூன்று பேருடைய தமிழ் தொங்குகிறது. அந்தப் பதின்மூன்று பேரின் பெற்றோர் யார்? மாதச் சம்பளம் வாங்கியதும் நம் கடைக்கு வந்து பற்றைத் தீர்த்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களுடைய வெள்ளியினால் நம் அடுப்பு எரிகிறது. அவர்கள் பிள்ளைகளுக்கு நாம் செய்ய வேண்டிய கடன் ஒன்று உண்டா இல்லையா?

நமக்கும் இதில் நன்மை உண்டு. ஐந்தினால் மார்க்கக் கல்வி நிச்சயமாகிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருந்துவிட்டோம். ஆனால் நம் பிள்ளைகள் பலர் தமிழில் பேசுகிறார்களேயன்றி, ஊரிலிருந்து பாட்டன் அனுப்பும் கல்யாணப் பத்திரிகையை எழுத்துக் கூட்டியும் வாசிக்கமாட்டாத நிலையில் இருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணம் நம் பெருமை என்று மேடையில் சொல்கிறோம். அதனைப் படிக்கத் தெரிந்த பிள்ளை நம் வீட்டில் எத்தனை?

சிங்கப்பூரில் நம்மவர் செய்தது

இவ்விடத்தில் ஒரு முன்மாதிரியை நினைவூட்டுவது தகும். சிங்கப்பூரில் வாழ்ந்த கடையநல்லூர் முஸ்லிம்கள் பெரும் செல்வர்களல்லர். கூலிவேலையும் சிறுவியாபாரமும் செய்தவர்களே மிகுதி. 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் வைத்த அவர்கள், போர் முடிந்ததும் 1946இல் தஞ்சோங் பகாரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். அது வளர்ந்து 1960இல் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி ஆயிற்று. மலாயா, சிங்கப்பூர் முழுவதிலும் தமிழில் உயர்நிலைக் கல்வி அளித்த பள்ளி அது ஒன்றே. முஸ்லிம் பிள்ளைகளும் அல்லாத பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். காலப்போக்கில் மாணாக்கர் தொகை குறைந்து 1982இல் அப்பள்ளி மூடப்பட்டது. ஆயினும் அதே புலவர் பெயரால் தமிழ்மொழி நிலையம் ஒன்று அங்கே ஏற்பட்டுத் தமிழ் கற்பித்து வருகிறது. பள்ளிக்கூடம் கட்டும் வசதி நமக்கு வேண்டுவதில்லை. பதினைந்து கையொப்பமே நமக்கு வேண்டியது.

செய்ய வேண்டியவை

முதலாவது, சங்கத்தில் ஒரு பட்டியல் தயாராக வேண்டும். எந்தப் பள்ளியில், எந்தப் படிவத்தில், தமிழ் படிக்க விரும்பும் பிள்ளைகள் எத்தனை என்று கடைக்கு வரும் பெற்றோரிடம் விசாரித்தாலே ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

இரண்டாவது, கோரிக்கையைக் கடிதமாக எழுதி, பிள்ளையின் பெயர், படிவம், பெற்றோர் கையொப்பம் இவற்றுடன் தலைமையாசிரியரிடம் நேரில் கொடுத்து, நகலில் பள்ளியின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நகல் மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் போகட்டும். ரசீதில்லாமல் சரக்கை இறக்குகிறவன் நம்மில் எவனுமில்லை. இதற்கும் ரசீது வேண்டும். தலைமையாசிரியரோடு வழக்காட வேண்டியதில்லை. ஆசிரியர் கிடைப்பதும் நேரம் ஒதுக்குவதும் அவருக்கும் சிரமமான காரியங்களே. மரியாதையோடு, ஆனால் தவறாமல், கேட்க வேண்டும்.

மூன்றாவது, வகுப்பு எந்த நேரத்தில் என்று விசாரியுங்கள். தமிழ் வகுப்பைப் பள்ளி விட்டபின் வைப்பதுண்டு. வெள்ளிப் பிற்பகலில் வைத்தால் ஜும்ஆவுக்குப் போகும் பையன்கள் திரும்ப முடியாது. இஸ்லாமியக் கல்வி நேரத்தில் வைத்தால் நம் பிள்ளைகள் ஒன்றை இழக்க வேண்டிவரும். முன்கூட்டிச் சொன்னால் திருத்திக்கொள்ளக் கூடியவையே இவை. பள்ளி விட்டபின் வகுப்பென்றால் தோட்டத்து வண்டி போய்விடும். அந்த ஒரு நாளுக்குச் சரக்கு வண்டி வைத்திருக்கும் நம்மவர் ஒருவர் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஏற்பாடு செய்தால் பெரும் புண்ணியம்.

நான்காவது, படிவம் ஐந்து வரை விடாமல் படித்து, எஸ்.பி.எம். பரீட்சையில் தமிழ்மொழிப் பாடத்தை எழுதச் செய்யுங்கள். தமிழ் இலக்கியமும் அப்பரீட்சையில் தனிப் பாடமாக உண்டு. நடுவில் விட்டவனுக்குக் கையில் சான்று இல்லை.

ஐந்தாவது, இது நம் மனச்சாட்சிக்கு. பதினாலு பதினைந்து வயதுப் பையன் பள்ளியை விட்டு வந்து, “மாமா, வேலை இருக்கா?” என்று கடை வாசலில் நிற்கும்போது, குறைந்த சம்பளத்தில் ஆள் கிடைத்தான் என்று சேர்த்துக்கொள்ளாதீர்கள். தகப்பனைக் கூப்பிட்டு விசாரியுங்கள். புகுமுக வகுப்பில் வெட்கப்பட்டானா, வண்டிக் கூலி இல்லையா, கேள்வி விளங்கவில்லையா என்று கேளுங்கள். வண்டிக் கூலிதான் காரணமென்றால், நம் சங்கத்தின் ஸகாத் ஸதகாக்களில் உரியவர்களுக்கு உரிய வழி இருக்கிறது. ஒரு பையனைக் கடைக்குள் இழுப்பது எளிது. வகுப்பறைக்குத் திருப்பி அனுப்புவதுதான் அரிது. சனி ஞாயிறு வேலைக்கு வந்தாலும், பிற்பகல் ஒரு மணி நேரம் பின்கட்டில் உட்கார்ந்து படிக்க விடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் வியாபாரம் கெட்டுவிடாது.

இந்த நாட்டில் தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அதன் பிறகும் ஆறாம் ஆண்டோடும் மூன்றாம் படிவத்தோடும் நின்ற பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். சட்டம் பிள்ளையைப் பள்ளி வாசல் வரைக்கும் கொண்டுவரும். உள்ளே உட்கார வைத்து, விளங்கச் செய்து, தாய்மொழியும் மார்க்கமும் குன்றாமல் வெளியே அனுப்புவதற்குப் பெற்றோரும் ஊராரும் வேண்டும்.

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கு இறங்கிய முதல் வஹீ ஓதும்படி ஏவியதையும், பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற அனுமதிக்கப்பட்டதையும் நாம் ஆலிம்கள் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். எதிரியிடமிருந்தும் எழுத்தைக் கற்கச் செய்த மார்க்கம் நம்முடையது. நம் பிள்ளைகளின் எழுத்துக்காகப் பதினைந்து கையொப்பம் திரட்டுவது நமக்குப் பாரமாகுமா?

அடுத்த கூட்டத்திற்கு வரும் சகோதரர்கள் தத்தம் பகுதியின் பிள்ளைகள் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன். அல்லாஹ் நம் முயற்சியை ஏற்று, நம் மக்களுக்குப் பயன்தரும் கல்வியை அருள்வானாக. ஆமீன்.